சாமந்தித் தோட்டத்து பல்பும் அம்மாவின் தைராய்டு மாத்திரையும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்கு ராயக்கோட்டை பக்கம். அம்மாவுக்கு 52 வயது. தைராய்டு குறைவு என்று நாலு வருஷமாக தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறார். சாமந்தி போட்டிருப்பதால் ராத்திரி தோட்டத்தில் பல்பு எரியும், நடுராத்திரியில் எழுந்துபோய் அதை அணைப்பது அம்மாதான், தூக்கமே கெட்டுவிட்டது. நான் தருமபுரியில் விலங்கியல் இரண்டாம் வருஷம். எலி இனத்தில் மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி தைராய்டைக் கட்டுப்படுத்துகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் அந்தச் சுரப்பி ராத்திரியில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் அம்மாவுக்குச் சரியாகுமா? தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில்: நிறுத்தக் கூடாது. இதை இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

வகுப்பில் சொன்னது உண்மைதான், ஆனால் அது நீங்கள் நினைக்கிற திசையில் போகவில்லை. அந்தப் பரிசோதனைகளில் பெரும்பகுதி ஹாம்ஸ்டரில் நடந்தவை. சிரியாவின் அலெப்போ பக்கத்து எலி போன்ற பிராணி, கன்னத்துப் பையில் தானியத்தை அடைத்துக்கொண்டு ஓடும். பகல் வெளிச்சம் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கீழே குறைந்தால் ஆண் ஹாம்ஸ்டரின் விந்தகம் சுருங்கிவிடும். கண் பார்வையை நீக்கினாலும் அப்படியே. பீனியலை எடுத்துவிட்டால் சுருங்குவதில்லை என்று 1965-ல் ஹாஃப்மனும் ரைட்டரும் காட்டினார்கள். அப்புறம் தைராய்டைப் பார்த்தபோது அங்கேயும் அதே கதை: பார்வை இழந்த ஹாம்ஸ்டரின் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் (டி-4) இறங்கியது, பீனியலை எடுத்திருந்தால் இறங்கவில்லை. சாயங்காலம் மெலடோனின் ஊசி போட்டாலும் இறங்கியது, காலையில் போட்டால் அந்த விளைவு இல்லை. கவனியுங்கள், அங்கே மெலடோனின் தைராய்டைத் தூக்கிவிடவில்லை, குறைத்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே குறைவு.

உங்கள் சாமந்தியை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். செடி ஆளாகும் முன்னே மொட்டு வைத்துவிடக் கூடாது என்றுதானே பல்பு போடுகிறீர்கள்? ராத்திரி எவ்வளவு நீளம் என்பதை வைத்துத்தான் சாமந்தி பருவத்தைத் தெரிந்துகொள்கிறது, ஹாம்ஸ்டரும் அப்படித்தான். இருட்டு நீண்டால் பீனியல் அதிக நேரம் மெலடோனின் சுரக்கும், குளிர்காலம் வருகிறது, குட்டி போடுவதைத் தள்ளிப்போடு என்று உடம்புக்குத் தகவல் போகும். அந்தத் தகவல் போய்ச் சேரும் இடம் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் காம்புப் பகுதி. நீளமான பகலில் அந்தக் காம்பு டி.எஸ்.எச். சுரக்கும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் என்று பெயர். ஆனால் காம்பில் சுரப்பது கழுத்திலுள்ள தைராய்டுக்கு வேலை சொல்வதில்லை, பக்கத்திலிருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதிக்குப் போய், அங்கேயே டி-4-ஐ அதைவிட வீரியமான டி-3-ஆக மாற்றும் நொதியைக் கூட்டுகிறது. ராத்திரி நீண்டால் மெலடோனின் இந்த டி.எஸ்.எச்.-ஐ அடக்கிவிடும். ரத்தத்து அளவைச் சார்ந்திராமலே மூளைக்குள் தனியாகத் தைராய்டு ஹார்மோன் ஏறி இறங்குவது எனக்கு இன்றும் பெரிய ஆச்சரியம். ஜப்பானில் யோஷிமுரா குழு 2003-ல் காடையில் இந்த நொதி மாற்றத்தைக் கண்டது, பிறகு செம்மறி ஆட்டிலும் எலியிலும் இதே பாதை தெரியவந்தது.

ஆய்வகங்களில் நிறைய வளர்க்கப்படும் சி57 வகை சுண்டெலி கிட்டத்தட்ட மெலடோனினே சுரப்பதில்லை, வெள்ளை எலியும் ஹாம்ஸ்டர் போலப் பருவம் பார்த்து வாழ்வதில்லை. அதனால் 'எலி இனம்' என்று பொதுவாகச் சொன்னால் பாதிதான் சரி, எந்தப் பிராணி என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். நம்ம கிருஷ்ணகிரியில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், நாமும் பருவம் பார்த்துப் பிள்ளை பெறுகிறவர்கள் இல்லை.

பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது. மெலடோனின் அதைச் சரிசெய்யாது. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். டாக்டர் அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். டி.எஸ்.எச். ராத்திரியில் ஏறி பகலில் இறங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் பரிசோதனைக்கு ரத்தத்தைக் காலையிலேயே கொடுப்பது நல்லது.

தூக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. மோட்டாருக்குப் போடுவது போல பல்பு லைனுக்கும் ஒரு டைமர் சுவிட்ச் போட்டுவிடுங்கள், தானாக எரிந்து தானாக அணையும், அம்மா எழுந்து போக வேண்டாம். அதன் பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் கடைசி டி.எஸ்.எச். எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.