எதிர்ப்புச் சக்தியைக் கூட்டணுமா, குறைக்கணுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து. தெருவும் பேட்டையும் மாறுகிறதே தவிர, அடியில் ஓடுகிற எண்ணம் ஒன்றுதான்: "எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கு டாக்டர், ஏத்தணும்." எனக்கு அந்த எண்ணத்தோடு கொஞ்சம் தகராறு உண்டு. ஏன் என்று பதில்களிலேயே தெரியும்.

கேள்வி: எனக்கு வயது 38. எறா தின்றே வளர்ந்த உடம்பு. ஒரு வருஷமாக எறா சாப்பிட்டாலே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது. மாமியார் காணாக்கடி என்கிறார். போன வாரம் சூரைக் குழம்பு சாப்பிட்டபோதும் முகம் சிவந்து நெஞ்சு படபடத்தது. அன்றைக்கு என் கணவருக்கும் மகனுக்கும்கூட அப்படியே ஆனது. இனி எனக்குக் கடல் உணவே ஆகாதா? — வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வேறு சமாச்சாரம். பிரித்துப் பார்த்தால் பாதிக் கவலை போய்விடும் (கவலை மீனைச் சொல்லவில்லை, அதற்கும் வருகிறேன்).

முதலில் எறா. கிருமிகளை எதிர்க்க நம் உடம்பு ஐந்து வகை ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்புப் புரதங்களை, தயாரிக்கிறது. அதில் ஐ.ஜி.இ. என்பது ரத்தத்தில் மிகமிகக் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் சேட்டை அதிகம். இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி 1966இல்தான் இதை அடையாளம் கண்டார்கள். புழு மாதிரியான ஒட்டுண்ணிகளை விரட்ட உதவுகிற ஆன்டிபாடி இது. சிலருக்கு இது எறாவின் தசையிலுள்ள ட்ரோப்போமயோசின் என்ற புரதத்துக்கு எதிராக உருவாகி, தோல், குடல், மூச்சுக்குழாய் எல்லாவற்றிலும் இருக்கிற மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை எறா உள்ளே போனதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம் எல்லாம் அதன் வேலைதான். எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை.

"இத்தனை வருஷம் தின்றேனே" என்பது நியாயமான கேள்வி. ஆனால் எறா, நண்டு அலர்ஜி பலருக்கும் வளர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்தப் புரதம் சூட்டுக்கு அசையாது. வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் அப்படியே இருக்கும். நண்டிலும் கிட்டத்தட்ட அதே புரதம் என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். எறா வேகும் ஆவியிலும் உரிக்கும் வேலையிலும்கூடச் சிலருக்கு மூச்சு இழுக்கும். (கரப்பான்பூச்சியிலும் தூசிப் பேனிலும் இதே மாதிரிப் புரதம் இருக்கிறது, ஆனால் அதை யாரும் குழம்பு வைப்பதில்லை.) சும்மா கொஞ்சம் தின்று பார்ப்போம் என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். மூச்சுத் திணறல், தலைசுற்றல், குரல் மாற்றம் வந்தால் அரிப்பு மாத்திரையை நம்பி உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே முதலில் தொடையில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி.

சூரை விஷயம் வேறு. ஒரே குழம்பைத் தின்ற மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அலர்ஜி வருமா? சூரை, கானாங்கெளுத்தி, கவலை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த பிறகு ஐஸில் சரியாக வைக்காவிட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மாஸ்ட் செல்கள் கொட்ட வேண்டியதை மீனே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது! மீன் பார்க்கப் புதிதாகவே இருக்கலாம், நாற்றமும் வராமல் போகலாம், கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு ஐஸ் இல்லாமல் தட்டில் கிடக்கிற சூரையை வாங்காதீர்கள், அவ்வளவுதான். மீனின் அலர்ஜிப் புரதம் எறாவினுடையது இல்லை, அதனால் நல்ல ஐஸ் மீனை நீங்கள் நிறுத்த வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு அலர்ஜி டாக்டரிடம் டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. போன வருஷம் தொண்டைவலி வந்து போன பிறகு முட்டி, கணுக்கால் என்று மாறி மாறி வீங்கியது. எக்கோவில் வால்வில் லேசான கசிவு என்றார்கள். 21 நாளைக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி. இப்போது நன்றாக ஓடியாடுகிறாள். ஊசி போட்டால் இரண்டு நாள் அழுகிறாள், நிறுத்திவிடலாமா? எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் இது வந்ததா? — ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வரவில்லை அம்மா, இருந்ததால்தான் வந்தது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்தபோது அவள் உடம்பு ஒழுங்காகவே ஆன்டிபாடி தயாரித்தது, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களையும் கிளப்பிவிட்டது. கோளாறு என்னவென்றால், அந்தக் கிருமியின் மேல் இருக்கும் எம் புரதமும் நம் இதயத்தில் இருக்கும் சில புரதங்களும் ஜாடையில் ஒத்துப்போகும். கிருமியை அடிக்கக் கிளம்பிய கூட்டம் இரண்டு மூன்று வாரம் கழித்து ஆள் மாறி வால்வை அடிக்கிறது. இதற்குப் பெயர்தான் ருமாட்டிக் காய்ச்சல். அது மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவ மாணவர்கள் படிப்பார்கள். மூட்டு வீக்கம் தழும்பில்லாமல் போய்விடும், வால்வு அப்படி இல்லை.

இப்போது ஊசி எதற்கு? வந்ததைக் குணப்படுத்த இல்லை. ஒரு முறை இந்தத் தவறைச் செய்த நினைவுச் செல்கள் அவள் உடம்பில் இருக்கின்றன. அதே குடும்பக் கிருமி மறுபடி தொண்டைக்கு வந்தால் அவை முன்னைவிட வேகமாகக் கிளம்பும், ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கொஞ்சம் சுருங்கும் அல்லது கசியும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டிலும் நெருக்கியடித்த வகுப்பறையிலும் இந்தக் கிருமி சுலபமாகப் பரவும், அதை நீங்களோ நானோ தடுக்க முடியாது. பென்சதீன் பெனிசிலின் தசையில் தங்கி மெல்ல மெல்ல ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும், மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் 21 நாள் கணக்கு. இதயம் தொடப்படாதவர்களுக்கே ஐந்து வருஷம் அல்லது 21 வயது வரை, எது அதிகமோ அதுவரை போடச் சொல்கிறார்கள். வால்வில் நிரந்தரக் கோளாறு தங்கிவிட்டால் 10 வருஷம் அல்லது 40 வயது வரைக்கும்கூடப் போகும். உங்கள் மகளுக்கு எவ்வளவு என்பதை அடுத்தடுத்த எக்கோ பார்த்து இதய டாக்டர் சொல்வார். பெண் பிள்ளை என்பதால் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன், சுருங்கிப்போன மைட்ரல் வால்வு பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில்தான் வெளியே தெரிய வருகிறது.

வலிக்கு வழி இருக்கிறது. மருந்தைக் குளிர்ச்சி போக வைத்து, மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். லிக்னோகெய்ன் கலந்து போடலாமா என்றும் கேளுங்கள். நர்ஸ் முறைத்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. கால் வலி என்று வரும் பிள்ளைக்கெல்லாம் ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ் என்றதும் ருமாட்டிக் என்று பெயர் வைத்துவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அந்தக் கிருமி எப்போதோ வந்து போனது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை.

கேள்வி: காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகிறது. லேபில் டெங்கு ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ். இன்னும் டெங்கு உடம்பில் இருக்கிறதா? இனி வராதா? — வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இல்லை. ஐ.ஜி.எம். முதலில் வரும் ஆன்டிபாடி, காய்ச்சலின் நாலைந்தாம் நாளில் தலைகாட்டும். ஐ.ஜி.ஜி. பிறகு வந்து வருஷக் கணக்கில் தங்கும். உங்கள் ரிப்போர்ட் பழைய கதையைச் சொல்கிறது. அந்தக் காய்ச்சலே டெங்குவா, அல்லது அதற்கும் முன்னால் எப்போதோ வந்ததா என்பதுகூட இதிலிருந்து தெரியாது. காய்ச்சல் வந்த முதல் நாட்களில் பார்க்க வேண்டியது என்.எஸ்.1 என்ற வைரஸ் புரதத்துக்கான டெஸ்ட்.

இனி வராதா என்றால், அங்கேதான் சிக்கல். டெங்கு வைரஸ் நாலு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு மட்டும்தான் ஆயுள் பாதுகாப்பு. வேறு வகை பிறகு வரும்போது பழைய ஆன்டிபாடி அதன் மேல் ஒட்டும், ஆனால் முடக்காது. அந்த ஒட்டலைப் பிடித்துக்கொண்டே வைரஸ் சில வெள்ளை அணுக்களுக்குள் சுலபமாக நுழைந்து பெருகும். இரண்டாவது டெங்கு பலருக்குக் கடுமையாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். அதனால் அடுத்த முறை காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் பக்கம் போகாதீர்கள், பாராசிட்டமால் போதும். பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவு மீறிய சோர்வு வருகிறதா என்று பாருங்கள். அப்பாடா என்று வேலைக்குக் கிளம்புகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நாள்.

கேள்வி: பையன் எல்.கே.ஜி. மாதம் ஒரு முறை சளி. எதிர்ப்புச் சக்தி பவுடர் ஒன்று சொல்லுங்கள். — திருவொற்றியூர்

பதில்: சொல்ல மாட்டேன். பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு எட்டு முறை சளி பிடிப்பது சகஜம், ஒவ்வொரு வைரஸாக அவன் உடம்பு பாடம் படிக்கிறது. எடை கூடவில்லை, ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா, திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் வெள்ளைப்படலம் என்று இருந்தால் அது வேறு, அப்போது ரத்தத்தில் ஆன்டிபாடி அளவையும் செல் எண்ணிக்கையையும் பார்த்தே ஆக வேண்டும். பவுடர் காசில் முட்டை வாங்குங்கள், தடுப்பூசி அட்டையில் விடுபட்டது இருந்தால் போடுங்கள்.

கேள்வி: மனைவிக்கு 29 வயது. லூபஸ் என்கிறார்கள், ஏ.என்.ஏ. பாசிட்டிவ், சிறுநீரில் புரதம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க ஸ்டீராய்டு தருகிறார்கள். என் அக்காவோ எதிர்ப்புச் சக்தி ஏற சீந்தில் பொடி கொடுக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? — கொருக்குப்பேட்டை

பதில்: அக்காவின் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த வியாதியில் அது தலைகீழ் வைத்தியம். டி செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸில் வளர்கின்றன. சொந்த உடம்போடு கடுமையாக மோதுகிறவற்றை அங்கேயே அழித்துவிடும். தப்பித்து வெளியே வருகிறவற்றை அடக்கி வைக்க இன்னொரு வகை டி செல் உண்டு என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார். அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு சேர்த்து அவருக்கு 2025இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான். லூபஸில் இந்தக் கட்டுப்பாடு நழுவி, தன் செல்களின் உட்கருவுக்கும் டி.என்.ஏ.வுக்கும் எதிராகவே ஆன்டிபாடி உருவாகிறது (உட்கருவுக்கு எதிரானதைத்தான் ரிப்போர்ட்டில் ஏ.என்.ஏ. என்கிறார்கள்). அவை கொத்துக் கொத்தாகச் சிறுநீரகத்தில் போய்ப் படியும்போதுதான் சிறுநீரில் புரதம் வரும். பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

ஏற்கெனவே எகிறிக்கொண்டிருப்பதை இன்னும் தூண்டக் கூடாது. சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஆட்டோஇம்யூன் வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை டாக்டர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்டீராய்டில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், உண்மைதான். அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்திருந்தால் விடாமல் போடட்டும், கண் பரிசோதனையும் டாக்டர் சொன்னபடி தொடரட்டும். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை வேண்டுமென்றால் நோய் அடங்கிய பிறகு திட்டமிட்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டு.

கேள்வி: தெருநாய் கடித்து ரத்தம் வந்தது. கையில் ஊசி போட்டதோடு, காயத்திலேயே சுற்றிச் சுற்றிக் குத்தினார்கள். எதற்கு இரண்டு? — பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கையில் போட்டது ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி. அதைப் பார்த்து உங்கள் பி செல்கள் ஆன்டிபாடி தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கும் வைரஸ் நரம்புக்குள் நுழையாமல் தடுக்க, வேறு மனிதர் அல்லது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த தயார் ஆன்டிபாடிதான் காயத்தில் போட்டது. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ரத்தம் வந்த கடி என்றால் இரண்டும் வேண்டும், அதற்கு முன்னால் 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவவும் வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் கூடாது. மீதித் தடுப்பூசிகளைத் தேதி தவறாமல் போட்டுவிட்டு, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எப்போதாவது இன்னொரு நாய் கடித்தாலும், முழுசாகப் போட்டதற்குச் சீட்டு இருந்தால் இரண்டு தடுப்பூசி போதும், காயத்தில் குத்த வேண்டியதில்லை.