பையன் பி.டி. வாத்தியார் ஆகணும்ங்கிறான்... என்ன பண்ணலாம்?

அக்கா, நேத்து டெல்லி மலை மந்திர் கோயில் வாசல்ல செருப்பு போட்டுக்கிட்டே கேட்டீங்க, அங்க நின்னு சொல்லி முடிக்கிற விஷயமா அது, அதான் இப்ப உக்காந்து டைப் பண்றேன். ப்ளஸ் டூ முடிச்சு மாற்றுத்திறனாளி பசங்களுக்கு விளையாட்டு சொல்லித்தரப் போறேன்னு உங்க பையன் நிக்கிறான், அத்தான் "யாரு சம்பளம் குடுப்பா"ன்னு கத்துறாரு.

அத்தான் கேக்குறதும் நியாயம் தான். இங்க ஸ்கூல்ல மாற்றுத்திறனாளி பசங்களுக்குன்னு தனி பி.டி. வாத்தியார் போஸ்ட் தேடினா கிடைக்கிறது கஷ்டம். அமெரிக்கால 1975 சட்டத்துலயே சிறப்புக் கல்விக்குள்ள உடற்கல்வியையும் சேத்துட்டாங்க. நமக்கு 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துடுச்சு, விளையாட்டுலயும் பங்குண்டுன்னு அதுல இருக்கு, ஆனா பி.டி. பீரியட்ல வீல்சேர் பையன ஓரமா உக்கார வச்சு ஸ்கோர் எழுதச் சொல்றத நானே பாத்திருக்கேன்.

பாரா விளையாட்டு வளந்திருக்கு, அது நிஜம். பாராலிம்பிக்ல நமக்கு 2016 ரியோல 4 மெடல், 2024 பாரிஸ்ல 29, 2025ல பாரா தடகள உலகப் போட்டியே நம்ம டெல்லி நேரு ஸ்டேடியத்துல நடந்துச்சு. ஆனா பாராலிம்பிக்ல உயரம் தாண்டி மெடல் வாங்கின சேலத்து மாரியப்பனப் பாத்து மயங்கி முடிவெடுக்க வேண்டாம், கோச் வேலை கொஞ்சம் தான், சாதா ஸ்கூல்ல தான் பசங்க அதிகம்.

அதனால ரெண்டு கால்ல நிக்கட்டும். விகாஸ்புரி இந்திரா காந்தி உடற்கல்வி காலேஜ்ல டிகிரி (மார்க் மட்டும் போதாது, ஃபிட்னெஸ் டெஸ்ட் உண்டு, இப்பவே ஓடச் சொல்லுங்க), அப்புறம் பி.பி.எட். (பி.டி. வாத்தியாருக்கான படிப்பு), அதோட ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிற ஸ்பெஷல் பி.எட். ஆர்.சி.ஐ. பதிவு இல்லாம ஸ்பெஷல் எஜுகேட்டர் வேலைக்கு மதிப்பில்ல, அங்கீகாரம் இல்லாத இடத்துல ஃபீஸ் கட்டிடாதீங்க. மொத்தம் ஏழு வருஷம் ஆகும்க்கா, அத மறைக்க மாட்டேன்.

அதுக்கு முன்னாடி லீவுல ரெண்டு மாசம் ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல சும்மா போய் நிக்கட்டும். நான் பாத்த ஒரு ஸ்கூல்ல ஒரு மிஸ் பந்துக்குப் பதிலா பலூன் போட்டாங்க, மெதுவா இறங்குதில்ல, கை சரியா வராத குட்டிப் பொண்ணு மூணாவது தடவ தட்டிட்டா. அதப் பாக்க நாப்பது நிமிஷம் ஆச்சு. பையனுக்கு அந்தப் பொறுமை இருக்கான்னு பாத்துட்டு ஜூலைல ஃபோன் பண்ணுங்க, அத்தான்கிட்ட நானே பேசுறேன்.