உவர்நிலச் செடிகளுக்குள் வாழும் பூஞ்சைகளில் ஏன் மருந்து தேடுகிறார்கள்?

அவை வாழும் இடம்தான் முக்கியக் காரணம். கண்டல், உமரி போன்ற செடிகளின் இலைக்குள்ளும் வேருக்குள்ளும் நோய் உண்டாக்காமல் குடியிருக்கும் இந்தப் பூஞ்சைகள், உப்பையும் மற்ற நுண்ணுயிர்களின் போட்டியையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். அதற்காக அவை உருவாக்கும் பாலிகீட்டைடுகள், ஆல்கலாய்டுகள், பெப்டைடுகள் போன்ற வேதிச் சேர்மங்களில் சில பாக்டீரியாவைத் தடுக்கின்றன. சில ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைக் குறைக்கின்றன.

செடிக்கும் லாபம் உண்டு. லெய்மஸ் மோல்லிஸ் என்ற கடற்கரைப் புல்லின் உப்புத் தாங்கும் திறனுக்கு அதனுள் வாழும் ஃபுசேரியம் கல்மோரம் பூஞ்சை உதவுவதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சரி, பூஞ்சை உள்ளிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்? இலையை எத்தனாலிலும் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் கழுவி, மேலே ஒட்டியிருப்பவற்றைக் கொல்வார்கள். கடைசியாக அலசிய நீரைத் நுண்ணுயிர்களை வளர்க்கும் தனி அகார் தட்டில் விட்டுப் பார்ப்பார்கள். அதில் எதுவும் வளராவிட்டால்தான், வெட்டிய இலைத்துண்டின் ஓரத்தில் முளைக்கும் பூஞ்சையை நம்பலாம். இந்தச் சோதனை இல்லாத ஆய்வுகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அப்புறம், ஆய்வகத்தின் சொகுசான சூழலில் இந்தச் சேர்மங்களை உருவாக்கும் பூஞ்சையின் பல மரபணுத் தொகுதிகள் வேலை செய்யாமல் கிடக்கும். பூஞ்சையை வளர்க்கும் ஊடகத்தில் கடல் உப்பைச் சேர்த்தாலோ வேறொரு நுண்ணுயிரோடு வளர்த்தாலோ புதுச் சேர்மங்கள் வெளிவரலாம். ஆனால் பாக்டீரியாவைக் கொல்லும் சேர்மம் மனிதச் செல்லையும் கொன்றுவிட்டால் மருந்தாகாது. பெரும்பாலானவை இந்தக் கட்டத்தைத் தாண்டுவதில்லை.