நகராட்சிப் பணம் எங்கே போகிறது? வரி கட்டுவோரின் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்துச் சிறு நகரம் ஒன்றில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள், நகராட்சிச் செலவுகள் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, ஜூலை வந்தால் தண்ணீர், மின்சாரம், சொத்துவரி எல்லாம் ஏறிவிடுகின்றன. யாரைக் கேட்டு ஏற்றுகிறார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

நம்மைக் கேட்டுத்தான் ஏற்ற வேண்டும், அம்மா. கேட்கிற மாதங்களில் நாம் அந்தப் பக்கம் போவதில்லை. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பே மேயர் வரைவு பட்ஜெட்டை நகராட்சி மன்றத்தில் வைத்தாக வேண்டும் என்கிறது, 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம். வைத்த கையோடு அதை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். மே மாத முடிவுக்குள் அது மன்றத்தின் ஒப்புதலுக்கு வந்துவிடும். ஆக, ஏப்ரலும் மேயும்தான் நமக்கான மாதங்கள்.

எழுத்தில் கொடுங்கள். ‘எல்லாம் ஊழல்’ என்று எழுதினால் பதில் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. பக்க எண், இந்த ஆண்டுத் தொகை, சென்ற ஆண்டுத் தொகை மூன்றையும் குறித்து, ஏன் கூடியது என்று கேளுங்கள். வந்த கருத்துகளை மன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும். மின்கட்டணத்துக்கு நெர்சா என்னும் தேசிய எரிசக்தி ஒழுங்காற்று அமைப்பின் ஒப்புதலும் தேவை.

விழாவுக்கும் மேயரின் காருக்கும் கொட்டுகிற பணத்தில் எங்கள் தெருக் குழிகளை மூடலாமே? (மளிகைக் கடைக்காரர்)

உங்கள் கோபம் நியாயமானது. கேளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற செலவைவிடச் செய்யாமல் விட்ட செலவுதான் நம்மை அதிகம் வாட்டுகிறது.

எங்கள் தெருமுனையில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மழையே இல்லாத ஜூலையிலும் அங்கே மட்டும் புல் பச்சையாக நிற்கும். அடியில் குழாய் கசிகிறது. மண் கரைந்து, மேலே வண்டிகள் ஏறி இறங்கி, தார் உள்வாங்கிக் குழி விழுகிறது. ஆட்கள் வந்து தார் போட்டு மூடுகிறார்கள். குழாயைத் தொடுவதில்லை. சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் குழி. குழிக்கும் செலவு, வீணான தண்ணீருக்கும் செலவு. ஏனெனில் நம் மாகாணத்தில் பல நகராட்சிகள் உம்ங்கெனி-உதுகேலா நீர் வாரியத்திடம் தண்ணீரை விலைக்கு வாங்குகின்றன. மண்ணுக்குள் போன தண்ணீருக்கும் பில் உண்டு. நீர், துப்புரவுத் துறை 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, நாடு முழுவதும் நகராட்சிகள் விநியோகிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய 47 சதவீதம் வருமானம் தராமலே போகிறது. கசிவு, திருட்டு இணைப்பு, கணக்கில் வராத பயன்பாடு எல்லாம் அதில் அடக்கம்.

சாலை, குழாய், கட்டடம் போன்ற சொத்துகளின் மதிப்பில் 8 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்குச் செலவிட வேண்டும் என்பது தேசியக் கருவூலத்தின் அளவுகோல். பட்ஜெட்டில் ‘ஏ9’ என்ற அட்டவணையில் அந்த விகிதம் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். இரண்டு, மூன்று என்று இருந்தால், அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

தணிக்கை அறிக்கையில் ‘முறைதவறிய செலவு’ என்று பெருந்தொகை போட்டிருக்கிறதே. அவ்வளவும் திருட்டா, ஐயா? (கல்லூரி மாணவர்)

அப்படி எழுதிவிடாதே, தம்பி. டெண்டர் விதிகளை மீறி வாங்கியது முறைதவறிய செலவு. பொருள் வந்திருக்கலாம், விலையும் சரியாக இருக்கலாம், அதன் பின்னால் கையூட்டும் இருக்கலாம். விசாரித்தால்தான் தெரியும். பட்ஜெட்டில் ஒதுக்கியதைத் தாண்டிச் செலவழித்தால் அது அனுமதியற்ற செலவு. அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்குத் தாமதமாகப் பணம் கட்டி வட்டி அழுதால் அது வீண் செலவு. எனக்கு மிகவும் வயிறு எரிவது இந்த மூன்றாவதில்தான். அந்த வட்டிக்கு ஒரு விளக்குகூட எரிவதில்லை.

விசாரணை நடந்ததா என்பதே நாம் கேட்க வேண்டியது. மன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதற்குத்தான் இருக்கிறது. ஆண்டறிக்கை ஜனவரி முடிவதற்குள் மன்றத்துக்கு வர வேண்டும். அதை விவாதிக்கும் கூட்டத்தில் பொதுமக்களும் உட்காரலாம். 2019 ஏப்ரல் முதல் தலைமைத் தணிக்கையாளருக்குக் கூடுதல் அதிகாரமும் உண்டு: பெரிய இழப்பைச் சுட்டிக்காட்டியும் நடவடிக்கை எடுக்காத அதிகாரியின் தலையிலேயே அந்த இழப்பைக் கடனாகச் சுமத்த முடியும்.

எங்கள் சாலை ஒப்பந்தத் தொகை பாதியில் கூட்டப்பட்டது. இது சரியா? (டாக்ஸி உரிமையாளர்)

கூட்டலாம், ஆனால் ஓசையில்லாமல் கூட்டக் கூடாது. முன்பு சொன்ன நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 116-ஆவது பிரிவுப்படி காரணத்தை மன்றத்தில் வைக்க வேண்டும், மக்களுக்கும் அறிவிக்க வேண்டும். எந்தக் கூட்டத்தில் வைத்தீர்கள் என்று தேதி கேளுங்கள்.

கோயிலுக்குச் சொத்துவரி பில் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமா? (கோயில் நிர்வாகக் குழு)

2004-ஆம் ஆண்டின் சொத்துவரிச் சட்டம், முதன்மையாக வழிபாட்டுக்குப் பயன்படும் இடத்துக்கு வரி போடக் கூடாது என்கிறது. நிலம் சமயச் சமூகத்தின் பெயரிலோ அதன் அறக்கட்டளையின் பெயரிலோ பதிவாகியிருக்க வேண்டும். பத்திரத்தில் இன்னும் தாத்தா காலத்து அறங்காவலர் ஒருவரின் சொந்தப் பெயர் இருந்தால் அதை மாற்றுங்கள். தனி மனையில் கட்டி வாடகைக்கு விடும் கல்யாண மண்டபத்தின் கதை வேறு. அதற்கு நகராட்சியின் வரிக் கொள்கையைப் பார்த்துச் சலுகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தண்ணீர், மின்சாரக் கட்டணம் எப்படியும் உண்டு.

இத்தனை கேட்டும் பதில் இல்லை. எல்லோரும் சேர்ந்து வரி கட்டுவதை நிறுத்தினால் என்ன? (குடும்பத் தலைவி)

வேண்டாம் அம்மா. பாக்கி விழுந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். நாளை வீட்டை விற்கப் போனால், நகராட்சியின் பாக்கியில்லாச் சான்று இல்லாமல் பத்திரம் மாறாது. அடிபடுவது நீங்கள்தான், செலவழித்தவர் அல்ல.

பில்லில் எந்தத் தொகை தவறு என்று குறிப்பிட்டு, மீட்டர் அளவின் படத்தோடு எழுத்தில் தகராறு பதிவு செய்யுங்கள். மற்றதைக் கட்டிவிடுங்கள். ஆவணம் தர மறுத்தால், 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்தக் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.