கயிற்றின் கடைசி மூன்று மில்லிமீட்டர்

கேள்வி: கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு வரலாற்று நிலவியல் எடுக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. கேம்ப்ரியன், ஆர்டோவிசியன் என்று பூமி வரலாற்றின் காலப்பெயர்களை அழகாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் கோடி வருடம் என்றால் எவ்வளவு என்பது மனதில் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: என் முதல் வருடமும் இப்படித்தான் போனது. அட்டவணை முழுவதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். தேர்வில் ஒரு பையன் எல்லாப் பெயரையும் பிழையில்லாமல் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் டிரைலோபைட் என்ற பழங்காலக் கடல் உயிரியை டைனோசர் தின்றதாக எழுதியிருந்தான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை! தப்பு அவனுடையதல்ல, என்னுடையது.

இப்போது முதல் வகுப்புக்கு ஒரு நைலான் கயிறு கொண்டுபோகிறேன். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் வருடம் என்று வைத்தால், பூமியின் 454 கோடி வருடத்துக்கு 45.4 மீட்டர். வராந்தாவில் நீட்டிப் பிடிக்கச் சொல்லி, கையில் துணி கிளிப்பைக் கொடுத்து, 'டைனோசர் வந்த இடத்தில் மாட்டுங்கள்' என்பேன். பாதிப் பேர் கயிற்றின் நடுவுக்குப் போய்விடுவார்கள். உண்மையில் அது நம் முனையிலிருந்து, அதாவது இன்றைக்கான முனையிலிருந்து, இரண்டரை மீட்டருக்குள். அழிந்தது 66 சென்டிமீட்டரில். நம் மனித இனத்துக்குக் கிடைப்பது 3 மில்லிமீட்டர். கிளிப்பே அதைவிட அகலம்.

அப்புறம்தான் பாறை. வருடக் கணக்கை அவசரப்பட்டு நுழைக்காதீர்கள். கீழே கிடப்பது பழசு, மேலே கிடப்பது புதுசு என்று டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1669-இல் எழுதினார். கதிரியக்கத்தை வைத்து வயது சொல்வது இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்குள் காலப்பெயர்களின் வரிசை பெரும்பாலும் முடிவாகியிருந்தது. ஆகவே ஒரு குறுக்குவெட்டுப் படம் வரையுங்கள்: நாலு அடுக்கு, அவற்றை வெட்டி ஏறும் ஒரு டைக் (உருகிய பாறைக் குழம்பு விரிசலில் புகுந்து இறுகிய சுவர்), டைக்கையும் சேர்த்து நகர்த்திய ஒரு பிளவு. எது முதலில், எது கடைசியில் என்று அவர்களே சண்டை போடட்டும். ஒரு பீரியட் போனால் போகிறது.

முடிவில் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயிண்ட் படத்தைக் காட்டுங்கள். நிலவியலாளர் ஹட்டன் 1788-இல் படகில் போய்ப் பார்த்த இடம். கீழே செங்குத்தாக நிற்கும் அடுக்குகள், அவற்றின் தலைமேல் லேசாகச் சாய்ந்து படுத்திருக்கும் சிவப்பு மணற்பாறை. இரண்டும் தொடும் கோட்டை ஒரு விரலால் மறைத்துவிடலாம். அந்த விரலுக்கு அடியில் சுமார் ஆறரைக் கோடி வருடம் காணோம். நம் கயிற்றில் 65 சென்டிமீட்டர். டைனோசர் அழிந்ததிலிருந்து இன்றுவரைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் பெயர்களை மனப்பாடம் செய்யவே வேண்டாமா?

பதில்: வேண்டும். கேம்ப்ரியனிலிருந்து எண்ணினால் பன்னிரண்டே பெயர். ஆனால் கதையோடு கொடுங்கள். பிரிட்டிஷ் நிலவியலாளர்கள் செட்ஜ்விக்கும் முர்ச்சிசனும் நண்பர்கள். ஒருவர் கேம்ப்ரியன் என்றும் மற்றவர் சிலூரியன் என்றும் ஒரே அடுக்குகளுக்கு உரிமை கொண்டாடி, பேச்சுவார்த்தையே நின்றுபோனது. இருவரும் இறந்த பிறகு, 1879-இல் லாப்வொர்த் என்ற இன்னொரு நிலவியலாளர் அந்தத் தகராறுப் பகுதியைத் தனியாக அறுத்தெடுத்து ஆர்டோவிசியன் என்று பெயர் வைத்தார். ஆர்டோவிசியன் எங்கே வரும் என்று என் மாணவர்கள் அதற்கப்புறம் தடுமாறியதில்லை. சிலூரியனையும் டெவோனியனையும் மாற்றி எழுதுகிறவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.