கேள்வி பதில்: பக்கத்தில் இருப்பவரை விசுவாசக் கண்ணோடு பார்ப்பது

மதுரை அரசரடியில் இருக்கிறேன். எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் வேதபாட வகுப்பும் ஆஸ்பத்திரிச் சந்திப்பும் பல காலமாக என் பொறுப்பு. ஒரு விசுவாசி வாழ்க்கையையும் மனிதரையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பசுமலையிலிருந்து ஒரு சகோதரர்: விசுவாசக் கண்ணோடு பாருங்கள் என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். எல்லாரையும் நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்வதா அது?

இல்லை. அப்படி நினைத்தால் சீக்கிரமே ஏமாந்துபோய், அப்புறம் யாரையும் நம்பாத நிலைக்கு வந்துவிடுவோம்.

மாற்கு 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய், கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, எதையாவது காண்கிறாயா என்று கேட்கிறார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான் அவன். மறுபடியும் கைவைத்த பிறகுதான் எல்லாம் தெளிவாகிறது. இப்படி இரண்டு கட்டமாக ஒருவர் குணமான சம்பவம் சுவிசேஷங்களில் இது ஒன்றுதான்.

சபைக்கு வருகிற நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த நடுக்கட்டத்தில்தான் நிற்கிறோம் என்பது என் எண்ணம். கண் திறந்துவிட்டது, ஆள் நடமாட்டம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. வாட்ச்மேன், குடிகாரன், மாமியார், அந்தத் தெரு ஆட்கள் என்று உருவங்களாகத்தான் தெரிகிறார்கள். தேவன் உண்டாக்கிய, கிறிஸ்து தம் உயிரைக் கொடுத்த ஒரு ஆள் இவர் என்று தெரியும்வரை விடாமல் பார்ப்பதைத்தான் நான் விசுவாசக் கண் என்கிறேன். அப்போது அவரிடம் உள்ள தப்பும் மறையாது. நித்திய ஜீவனைப் பற்றிக் கேட்க ஓடிவந்த ஐசுவரியவானை "இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து" என்று மாற்கு எழுதுகிறார். அதே மூச்சில் அவனிடம் இருக்கும் குறையையும் இயேசு சொல்லிவிடுகிறார்.

மேலூரிலிருந்து: வேலைக்குப் போகும்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் தினமும் ஒரே பெரியவர் கை நீட்டுகிறார். காசு கொடுத்தால் குடித்துவிடுவாரோ என்று யோசனை. கொடுக்காமல் போனால் மனசு உறுத்துகிறது.

இயேசு சொன்ன உவமைகளில் பெயரோடு வரும் ஏழை ஒருவன்தான், ஒரு ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசரு. அந்த ஐசுவரியவானுக்குப் பெயரே இல்லை. அதைவிட என்னை உலுக்குவது வேறு ஒன்று. செத்து வேதனைப்படும்போது அந்த ஐசுவரியவான், லாசருவை அனுப்பும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறான். அப்படியென்றால் வாசலில் கிடந்தவனின் பெயர் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது! தெரிந்தும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான். அங்கே போன பிறகும் அவனைத் தனக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏவலாளாகத்தான் பார்க்கிறான்.

நாளைக்கு அந்தப் பெரியவரிடம் பெயரைக் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள். சாப்பிட்டாரா என்று கேட்டு, நாலு இட்லி வாங்கிக் கொடுங்கள். சில நாள் காசாகவே கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள். அந்தக் காசை அவர் என்ன செய்வார் என்று கணக்குப் பார்ப்பது இரண்டாவது விஷயம். கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில் கொடுக்க முடியாமல் போனாலும் பெயர் சொல்லி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம்.

வில்லாபுரத்திலிருந்து ஒரு தாய்: என் மகனுக்குப் பிறவியிலேயே காலில் குறை. குடும்பத்தில் ஏதோ பாவம் இருக்கிறது, உபவாசமிருந்து அறிக்கை செய்யுங்கள் என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். அது உண்மையா ஐயா?

அம்மா, உண்மை இல்லை. அதை உங்கள் மனசிலிருந்து இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

யோவான் 9-இல் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று. இரண்டும் இல்லை என்று இயேசு முகத்துக்கு நேராகச் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற நினைப்பை அவர் மறுத்தார். சீஷர்களுக்கு அந்தப் பிறவிக்குருடன் ஒரு விவாதப் பொருள். இயேசுவுக்கு அவன் கண் தெரியாத ஒரு மனுஷன்.

உங்களிடம் அப்படிச் சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் இழந்து வேதனையில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்ததும் கெடுத்தார்கள். பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது ராஜாஜி மருத்துவமனைக்கு, நோயாளிகளைப் பார்க்கப் போகும் வாலிபர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு மேலிருந்து பேசாதீர்கள். ஸ்டூல் இருந்தால் இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக முகம் வருகிற மாதிரி உட்காருங்கள். வராந்தாவில் பாயை விரித்து, பிளாஸ்க்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் விழித்திருக்கும் கூட வந்தவரையும் கவனியுங்கள். "நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வாங்க, நான் இருக்கிறேன்" என்று சொன்னால் சில அம்மாக்களுக்குக் கண் கலங்கிவிடும். ஜெபம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வியாதிக்குக் காரணம் சொல்ல நம்மை யாரும் அனுப்பவில்லை.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாலிபர்: சபையிலேயே சாதி பார்க்கிறார்கள். கல்யாணம் என்று வந்தால் எல்லா வசனமும் பறந்துவிடுகிறது. இவர்களோடு உட்கார்ந்து, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை எப்படி எடுப்பது?

தம்பி, இந்தக் கோபத்தை விட்டுவிடாதீர்கள்.

மதுரைக் கிறிஸ்தவத்தின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1606-இல் இங்கே வந்த இத்தாலியக் கத்தோலிக்கக் குரு ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று நாம் அழைப்பவர், காவி உடுத்தி, மரக்கறி சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று இந்த மண்ணை மதித்தார். அவருடைய படிப்பையும் உழைப்பையும் நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவர் சாதியைச் சமூக வழக்கம் என்று விட்டுவைத்தார். ஏற்கெனவே இங்கே இருந்த பரதவர் கிறிஸ்தவர்களின் கோயிலிலிருந்து விலகி, உயர்சாதியாருக்குத் தனிக் கோயில் கண்டார். பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் ரோமாபுரியிலிருந்தும் அனுமதி வந்தது. பிற்பாடு உயர்சாதியாருக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களே பிரிந்து வேலை செய்தார்கள். சுவிசேஷத்தைக் கேட்க வழி திறந்தது, அதே வழியாகப் பிரிவினையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

1834-இல் வந்த அமெரிக்கன் மதுரை மிஷன் வேறு வழியில் போனது. சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று 1847-இல் முடிவெடுத்தார்கள். சோதனை என்ன தெரியுமா? சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. உபதேசியார்கள் பலர் அதற்கு மறுத்து வேலையிலிருந்து விலகினார்கள். அவ்வளவு கண்டிப்பு காட்டிய மிஷனின் வழி வந்த சபைகளில் இன்றைக்கும் பெண் பார்க்கும்போது முதலில் கேட்பது "நம்ம ஆட்கள்தானே?" என்பதைத்தான். வெளிநாட்டு மிஷனரி போட்ட சட்டத்தால் பந்தியைச் சேர்க்க முடிந்தது, சம்பந்தத்தைச் சேர்க்க முடியவில்லை.

ஆனாலும் அவர்கள் சாப்பாட்டில் கைவைத்தது சரியான இடம் என்றே நினைக்கிறேன். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபையின் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று அடுத்த அதிகாரத்தில் எழுதுவதற்கு முன்னால், இந்தப் பந்திச் சண்டை நடந்திருக்கிறது.

நீங்கள் திருவிருந்தை விட்டுப் போக வேண்டாம். அது கர்த்தருடைய பந்தி, சாதி பார்க்கிறவர்களுக்கு எழுதிக் கொடுத்த சொத்து கிடையாது. உங்கள் கல்யாணப் பேச்சு வரும்போது வீட்டில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை மட்டும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்கத் தொடங்கிய பிறகு தீர்மானிக்க முடியாது.

திருமங்கலத்திலிருந்து: நான் இந்து. நல்ல கிறிஸ்தவ நண்பர்கள் உண்டு. ஆனால் உங்கள் கண்ணுக்கு நாங்கள் மதம் மாற வேண்டிய ஆட்களாக மட்டும்தான் தெரிகிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒளிக்காமலே சொல்கிறேன். நான் கண்ட கிறிஸ்துவை நீங்களும் அறிய வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் அது மரியாதைக்காகச் சொல்லும் பொய். ஆனால் அந்த ஆசை நிறைவேறினால்தான் நட்பு என்று இருந்தால், நான் உங்களைப் பார்க்கவே இல்லை, என் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். சில கிறிஸ்தவர்கள் அப்படி நடந்து உங்களைப் புண்படுத்தியிருந்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நான் அன்புகூர வேண்டிய பிறன் யார் என்று கேட்ட வேதபண்டிதனுக்கு இயேசு சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள். நின்று எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியவன், யூதர்கள் பந்தியில் சேர்க்காத சமாரியன். அன்பைக் கற்றுக்கொள்ள இயேசு தம் சொந்த மார்க்கத்தாரை வெளியாளிடம் அனுப்பினார். சித்திரைத் திருவிழா வெயிலில், யார் எவர் என்று கேட்காமல் ஜனங்களுக்கு நீர்மோர் ஊற்றிக் கொடுக்கிறீர்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்ட ஒரு சகோதரி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "அவரையும் இயேசுவின் கண்ணோடு பார், பொறுத்துப் போ" என்கிறார்கள்.

சகோதரி, அடி வாங்கிக்கொண்டிருப்பது விசுவாசம் ஆகாது. 1 சாமுவேல் 25-இல் அபிகாயிலின் புருஷன் நாபால், முரடன், துராகிருதன் (கெட்ட நடத்தை உள்ளவன்) என்று வேதமே சொல்கிறது. அவனால் வீட்டுக்கே அழிவு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவள் அவனிடம் சொல்லாமலே புறப்பட்டுப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினாள். அவன் பயித்தியக்காரத்தனத்தை மூடிப் பேசவும் இல்லை. அவளைப் புத்திசாலி என்றுதான் வேதம் சொல்கிறது.

உங்கள் கணவரை இயேசுவின் கண்ணோடு பார்த்தால், நோயும் பாவமும் பிடித்த ஒரு மனுஷன் தெரிவார். அவருக்குச் சிகிச்சை வேண்டும், தடுக்க ஆளும் வேண்டும். அதே கண்ணோடு உங்களையும் பாருங்கள். தேவசாயலாய்ப் படைக்கப்பட்ட உடம்பு உங்களுடையதும்தான். 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பாதுகாப்பான வீட்டுக்குப் பிள்ளைகளோடு போய்விட்டு, அங்கிருந்து அவருக்காக ஜெபியுங்கள்.

சோழவந்தானிலிருந்து ஒரு மாணவி: இரண்டு தடவை நீட் எழுதியும் கிடைக்கவில்லை. வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

பாப்பா, ஆகார் என்ற அடிமைப்பெண்ணை ஆபிரகாமும் சாராளும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதாக ஆதியாகமத்தில் இல்லை. "அடிமைப்பெண்" என்றுதான் பேசினார்கள். வனாந்தரத்தில் கர்த்தருடைய தூதன்தான் "ஆகாரே" என்று கூப்பிட்டான். அவள் தேவனுக்கே ஒரு பெயர் வைத்தாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." உன் மார்க்குக்கு முன்னாலிருந்தே உன்னைக் காண்கிறவர் அவர். அப்பாவிடமோ அம்மாவிடமோ நீயே போய், எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லு. அவர்களும் என்ன பேசுவது என்று தெரியாமல் இருக்கலாம். வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் உடனே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசு, தமிழிலேயே பேசலாம்.

செல்லூரிலிருந்து: சபையில் ஒருவர் கடன் வாங்கிவிட்டு, இப்போது என்னைக் கண்டாலே வேறு தெருவில் போகிறார். பார்த்தாலே எரிச்சல்.

மத்தேயு 18-இல் சொன்னபடி, தனியாகப் போய்ப் பேசுங்கள். கொடுக்க முடியாத நிலையா, கொடுக்க மனசில்லாத நிலையா என்று நேரில் கேட்டால்தான் தெரியும். முதலாவது என்றால் தவணையாக வாங்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். இரண்டாவது என்றால் சபைப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம்.

கே.கே. நகரிலிருந்து ஒரு அக்கா: கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவின் தூய்மைப் பணியாளருக்குப் புடவையும் கேக்கும் கொடுக்கிறோம். அதற்கு மேல் என்ன செய்யலாம்?

நல்ல காரியம், தொடருங்கள். மற்ற நாட்களில் அவர் தண்ணீர் கேட்டால் எந்தத் தம்ளரில் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள் அக்கா. தனித் தம்ளரோ, பழைய பிளாஸ்டிக் பாட்டிலோ என்றால் அதை மாற்றுங்கள். வீட்டார் குடிக்கிற தம்ளரிலேயே கொடுங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தையானவனுக்குப் பாதபடி என்று பிரித்தவர்களை யாக்கோபு கண்டித்தது (யாக்கோபு நிருபம், 2-ஆம் அதிகாரம்) இந்த மாதிரிச் சின்ன விஷயத்தைத்தான்.

அப்புறம், குப்பை. மக்குவது, மக்காதது என்று பிரித்தே கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி இருந்தால் தடித்த காகிதத்தில் சுற்றி, தனிப் பையில் போட்டு, "இதில் கண்ணாடி இருக்கும்மா, பார்த்து" என்று சொல்லி அவர் கையிலேயே கொடுங்கள். பாதிப் பேர் கையுறை இல்லாமல்தான் கிளறுகிறார்கள். உங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்களிடம் பேசி அவர்களையும் இதற்குச் சம்மதிக்க வைத்தால் இன்னும் நல்லது.