வகுப்புக்கே போகாமல் எல்.எல்.எம். முடிக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். சட்டக் கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் ஊரில் கல்வி ஆலோசனை மையம் வைத்திருக்கும் ஒருவர், வட மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டு எல்.எல்.எம். (முதுநிலைச் சட்டப் படிப்பு) சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். ‘ரெகுலர் படிப்புதான், ஆனால் பரீட்சைக்கு மட்டும் போனால் போதும், அட்டெண்டன்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். ஒன்றேகால் லட்சம் ரூபாய் கேட்கிறார். முன்பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் இந்த வாரமே தர வேண்டுமாம். ஓராண்டு எல்.எல்.எம். செல்லாது என்று என் தோழிகள் பயமுறுத்துகிறார்கள். ஒரு சீனியர் வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்துகொண்டே படிக்கவும் விரும்புகிறேன். என்ன செய்வது?

பதில்: சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள். மற்றவற்றை அதற்குப் பிறகு பேசலாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் கலந்து கிடக்கின்றன. ஓராண்டா, இரண்டாண்டா என்பது ஒன்று. வகுப்புக்குப் போகாமல் வாங்கும் பட்டம் செல்லுமா என்பது இன்னொன்று. தோழிகள் முதலாவதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டப் படிப்பைத் தபால் வழியிலோ இணைய வழியிலோ நடத்த அனுமதி இல்லை. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி மருத்துவம், பொறியியல், செவிலியம் போன்றவற்றோடு சட்டமும் தொலைநிலைக் கல்விக்கு விலக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலில் இருக்கிறது. தன் முன் அனுமதி இல்லாமல் ஆன்லைன், தொலைநிலை, பாதி நேரடி பாதி ஆன்லைன் என்று எந்த வடிவில் எல்.எல்.எம். கொடுத்தாலும் அதை அங்கீகரிக்க முடியாது என்று, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 2025இல் வெளிப்படையாக எச்சரித்தது. பெயர் பெற்ற நிறுவனங்களுக்கே அந்த எச்சரிக்கை போனது.

இதெல்லாம் இந்த ஆலோசகர்களுக்கும் தெரியும். அதனால்தான் இப்போது ‘கரஸ்பாண்டன்ஸ்’ என்ற சொல்லையே அவர்கள் எடுப்பதில்லை. ‘ரெகுலர்தான், அட்டெண்டன்ஸ் மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார்கள். இது முன்பிருந்ததைவிட ஆபத்தான ஏற்பாடு. தொலைநிலைப் பட்டம் என்றால் வேலைக்குத் தகுதி இல்லை என்பதோடு போய்விடும். இங்கேயோ நீங்கள் வகுப்பில் இருந்ததாகப் பொய்யாக ஒரு பதிவேடு உருவாகிறது, அதில் உங்கள் பெயர் இருக்கிறது. நாளைக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும். பல்கலைக்கழகப் பதிவேட்டில் நீங்கள் வடக்கே வகுப்பில் இருந்த அதே நாளில், திருநெல்வேலி நீதிமன்றத்தின் அன்றாடப் பதிவில் நீங்கள் ஆஜரானதாக இருக்கும். இன்று அந்தப் பதிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அந்த நேரத்தில் ஆலோசகர் உங்களோடு நிற்க மாட்டார். ஒரு வழக்கறிஞர் பொய் ஆவணத்தால் பயன் அடைந்தார் என்ற புகார் வந்தால் எல்.எல்.எம். மட்டும் போகாது, கறுப்பு அங்கியும் போகலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாநிலத்தின் தனியார் பல்கலைக்கழகம் இன்னொரு மாநிலத்தில் படிப்பு மையமோ பரீட்சை மையமோ வைத்து நடத்த முடியாது. ‘பாளையங்கோட்டையிலேயே எங்களுக்கு சென்டர் இருக்கிறது’ என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். சத்தீஸ்கரில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் காகிதத்திலேயே முளைத்தன. யஷ்பால் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. அதில் தவித்துப்போனவர்கள் மாணவர்கள்தான்.

இனி ஓராண்டு விவகாரம். ஓராண்டு எல்.எல்.எம். செல்லாது என்பது தவறு. 2012இல் யு.ஜி.சி. வகுத்த வழிகாட்டுதலின்படிதான் இது வந்தது. முதுநிலைச் சட்டக் கல்விக்கென்று தனி மையமும் போதுமான முழுநேரப் பேராசிரியர்களும் இருக்கும் பல்கலைக்கழகம் மட்டுமே இதை நடத்தலாம். பெங்களூர், ஹைதராபாத், திருச்சி உள்ளிட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் இன்றும் ஓராண்டாகவே நடத்துகின்றன. 2021 ஜனவரியில் பார் கவுன்சில் புதிய விதிகளை அரசிதழில் வெளியிட்டு, எல்.எல்.எம். இனி இரண்டாண்டு, ஓராண்டு கிடையாது என்றது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உட்படப் பலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்தக் கல்வியாண்டில் அமல்படுத்த மாட்டோம் என்று பார் கவுன்சில் அங்கே ஒப்புக்கொண்டது. 2025 பிப்ரவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, சட்டக் கல்வியைக் கல்வியாளர்களிடம் விடாமல் பார் கவுன்சில் ஏன் தலையிட வேண்டும் என்று நீதிபதிகளே கேட்டார்கள்.

இந்த இழுபறியை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஒரு பட்டத்துக்கு எத்தனை வருடம் என்பதை யு.ஜி.சி.யும் பார் கவுன்சிலும் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கலாம். இரண்டு அமைப்புகளும் அதிகாரம் யாருக்கு என்று சண்டை போடுகின்றன. இடையில் கடைசி வருட மாணவர்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஆலோசகர் கடை வாசலில் நிற்கிறார்கள். ஆலோசகர்களின் வியாபாரம் இந்தக் குழப்பத்தில்தான் நடக்கிறது.

உங்களுக்கு என் யோசனை இதுதான். தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் ஓராண்டு என்று தயங்காமல் சேருங்கள். அது கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டிலேயே இரண்டாண்டுப் படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் இதே முதுநிலைப் படிப்பு ‘எம்.எல்.’ என்ற பெயரில் இருக்கிறது. பெயரைப் பார்த்து வேறு ஏதோ என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இரண்டாண்டுப் படிப்பில் என்ன இருக்கும்? பொதுவாக நான்கு செமஸ்டர். அரசமைப்புச் சட்டம், சட்டமும் சமூக மாற்றமும், நீதிமன்றச் செயல்முறை, சட்டக் கல்வியும் ஆய்வு முறையும் ஆகியவை எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் குற்றவியல், வணிகச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை, மனித உரிமை என்று நீங்கள் எடுக்கும் பிரிவின் தாள்கள். முடிவில் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும். ஓராண்டுப் படிப்பில் இதே சரக்கைச் சுருக்கி மூன்று கட்டாயத் தாள், ஆறு விருப்பத் தாள், ஓர் ஆய்வேடு என்று வைத்திருக்கிறார்கள். வேகம் அதிகம், நூலகத்தை விட்டு நகர முடியாது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது செயல்முறைப் பகுதியை. பல பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். மாணவர் இளநிலை வகுப்பில் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. நூல்களையும் தீர்ப்புகளையும் மட்டும் வைத்து ஓர் ஆய்வு, களத்துக்குப் போய் மக்களிடம் கேட்டு ஓர் ஆய்வு என்று இரண்டும் செய்ய வேண்டும். ஆசிரியராக ஆசைப்படும் உங்களுக்கு இந்தப் படிப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பரீட்சைக்கு மட்டும் போய் வருகிறவருக்கு இது எதுவும் கிடைக்காது. நாளைக்கு அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கால் நடுங்கும்.

சேர்க்கைக்கு வருவோம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் முதுநிலைத் தேர்வு. 120 கேள்வி, 120 நிமிடம், தவறான விடை ஒன்றுக்குக் கால் மதிப்பெண் கழியும். தீர்ப்புகளிலிருந்தும் சட்ட எழுத்துகளிலிருந்தும் பத்திகளைக் கொடுத்து அவற்றின் மேல் கேட்பார்கள். எல்.எல்.பி.யில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம். வயது வரம்பு இல்லை. கடைசி வருடத்தில் இருப்பவர்களும் எழுதலாம், ஆகவே நீங்கள் இப்போதே எழுதலாம். தேர்வு டிசம்பரில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் அய்லெட் என்று தனியாகத் தேர்வு வைக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தன் முதுநிலை இடங்களுக்குத் தானே அறிவிப்பு வெளியிடும். அதன் இணையதளத்தை வாரம் ஒரு முறை பாருங்கள். இவற்றில் எதற்குமே இடைத்தரகர் தேவையில்லை. ‘மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிளாட் சீட் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அது முழுப் பொய்.

சேர்க்கையை மட்டும் நினைத்துக்கொண்டு பலர் மறந்துவிடுவது 55 சதவீதத்தை. யு.ஜி.சி. 2018 ஒழுங்குமுறைகளின்படி உதவிப் பேராசிரியராக முதுநிலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50 போதும். ‘எல்.எல்.எம். பாஸ்தான், ஆனால் 53 சதவீதம்’ என்று வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. பட்டம் கையில் இருக்கும், ஆசிரியர் வேலைக்கு உதவாது. மதிப்பெண் கணக்கை முதல் செமஸ்டரிலிருந்தே பாருங்கள். நெட் தேர்வுக்கு எல்.எல்.எம். முடியும் வரை காத்திருக்க வேண்டாம், கடைசி வருடத்திலேயே எழுதலாம். வழக்கறிஞராக இருக்கவோ நீதிபதித் தேர்வு எழுதவோ எல்.எல்.எம். தேவையே இல்லை. உங்கள் ஆசை ஆசிரியர் வேலை என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அடுத்து சீனியர் அலுவலகம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைத்தான் ஆலோசகர்கள் திரித்துச் சொல்கிறார்கள். பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் முழுநேரமாக வேறு படிப்பில் சேர்ந்தால் பொதுவாகத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். எல்.எல்.எம்.முக்கு மட்டும் விலக்கு உண்டு: தொழிலை நிறுத்திவைக்காமலே ரெகுலர் மாணவராகச் சேரலாம் என்று பார் கவுன்சில் தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த விலக்கு உங்கள் வழக்கறிஞர் பதிவைப் பற்றியது. வருகைப் பதிவைப் பற்றியது அல்ல. அதாவது, படிக்கிறீர்கள் என்பதற்காகப் பார் கவுன்சில் உங்கள் பதிவை நிறுத்தாது. வகுப்புக்கு வரவில்லை என்றால் பல்கலைக்கழகம் உங்களைப் பரீட்சை எழுதவிடாது. ‘வக்கீல்களுக்கு அட்டெண்டன்ஸ் விலக்கு இருக்கிறது’ என்று உங்கள் ஆலோசகர் சொன்னால் பதிவுக்கான விலக்கை வருகைக்கான விலக்காகத் திரித்துச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். நடைமுறையில், நீதிமன்றம் நடக்கும் நேரமும் வகுப்பு நேரமும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே மாலையில் சீனியர் அலுவலகத்தில் பிளீடிங் (வழக்கு மனு, பதிலுரை) எழுதிப் பழகுவது, விடுமுறை நாட்களில் வழக்குக் கட்டுகளைப் படிப்பது, இந்த அளவுக்குத்தான் முடியும். அதற்குச் சம்மதிக்கும் சீனியர் படிக்கும் ஊரிலேயே கிடைக்க வேண்டும். திருச்சியில் படித்துக்கொண்டு திருநெல்வேலியில் ஜூனியராக இருக்க முடியாது.

பிறகு ஆசிரியரானதும் இதே கேள்வி மறுபடியும் வரும். முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் 1979ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வழக்கறிஞர் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் கற்பிக்கலாம், தொழிலையும் தொடரலாம். இரண்டிலும் கால் வைக்க நினைப்பவர்களுக்கு அது நேர்மையான வழி.

கடைசியாக, பணமோ சான்றிதழோ ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெளிவாகவில்லை. கல்வி நிறுவனங்களே அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, பார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்திருக்கிறது. அப்படியிருக்க ஓர் ஆலோசகருக்கு எந்த உரிமையும் இல்லை. கட்டணத்தையும் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கட்டியிருந்தால், சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களுக்கு முன் விலகும்போது முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். அதில் நடைமுறைச் செலவு என்று மட்டும் அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை பிடிக்கலாம். ஆலோசகர் கையில் கொடுத்த பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே கொடுத்திருந்தால் ரசீது, ஜிபே விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். பணத்தையும் சான்றிதழையும் திரும்பக் கேட்டு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பத்து நாளில் பதில் இல்லை என்றால் அந்தக் கடித நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். உங்கள் அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள்.

கிளாட் விண்ணப்பத்தின் கடைசித் தேதியை இன்றே பார்த்துக் குறித்து வையுங்கள்.